பொலிசுக்குச் செல்லப் பெயர்

ஒக்டோபர் 6, திங்கள்

கூட வேலை செய்யும் ஜேமி சொன்னதற்காக இதைத் தொடங்குகிறேன். கொன்ஸ்டபிள் வேலைக்கான நேர்முகத் தேர்வு அடுத்த மாதக் கடைசியில். அங்கே கேட்பதெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள்தானாம். நீ பொறுமையாக நடந்துகொண்ட ஒரு சந்தர்ப்பம் சொல். மற்றவரின் நம்பிக்கையைப் பெற்ற ஒரு சந்தர்ப்பம் சொல். அன்றன்று செய்ததை எழுதி வைத்தால் அங்கே போய் முழிக்கத் தேவையில்லை என்றான். போன வருடம் நான் முழித்தது அவனுக்குத் தெரியும்.

தமிழில் எழுதுகிறேன். ஸ்டேஷன் மேசையில் விட்டுவிட்டு வந்தாலும் ஒருவரும் வாசிக்க முடியாது.

முதல் கேள்வி எப்போதும் 'உன்னைப் பற்றிச் சொல்' என்பதுதான். சொல்லிப் பார்க்கிறேன். பெயர் தயாபரன். வயது நாற்பத்தைந்து. இந்த நாட்டுக்கு அகதியாக வந்து, நீண்ட காலம் பெற்றோல் ஸ்டேஷனில் நின்று, இப்போது பொலிஸில் சமூகத் துணை அலுவலர். சீருடை உண்டு, தொப்பி உண்டு, தோளில் ரேடியோ உண்டு. விலங்கு இல்லை, தடி இல்லை, ஒருவரையும் கைதுசெய்யும் அதிகாரமும் இல்லை. (கடைசி வசனத்தைத் தேர்வில் சொல்லத் தேவையில்லை.)

இன்று பின்னேரம் கோழிக்கடை வாசலில் நின்ற பெடியள் என்னைக் கண்டதும் "ஃபெட்ஸ், ஃபெட்ஸ்" என்று கத்திக்கொண்டு சைக்கிள்களைத் திருப்பினார்கள். அமெரிக்கப் படங்களிலிருந்து பிடித்த சொல். கொஞ்சத் தூரம் போனபின் ஒருவன் மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஓடத் தேவையில்லை, இது பிளாஸ்டிக்" என்றான். எல்லோரும் நின்றுவிட்டார்கள். கைதுசெய்ய முடியாத எங்களைப் போன்றவர்களுக்கு வைத்த பெயர் அது. விளையாட்டுச் சாமான் பொலிஸ்.

அவர்கள் ஓடியபோது நன்றாகத்தான் இருந்தது.

ஒக்டோபர் 8

சந்தைக் காவலுக்கு ஜேமியுடன் காரில். அவனுக்கு இருபத்தாறு வயது, கொன்ஸ்டபிள், தகப்பனும் பொலிஸ். பெடியள் கத்தியதைச் சொன்னேன். சந்தை முடியும்வரை எனக்குப் பாடம் எடுத்தான்.

கொப்பர் என்றால் பிடிப்பவன், பழைய சொல். ரொஸர், ஓல்ட் பில், இரண்டுக்கும் ஏன் அப்படி வந்தது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. லிவர்பூலில் பிஸீஸ். ஃபில்த் என்றால் அழுக்கு. லண்டன் கள்ளர்கள் வைத்த பெயராம், அதைச் சொல்லும்போது ஜேமி நெஞ்சில் தட்டிச் சிரித்தான். பன்றியைச் சொல்லத் தேவையில்லை. எனக்குப் பிடித்தது பொபி. இருநூறு வருடத்துக்கு முன் லண்டன் பொலிஸைத் தொடங்கிய அமைச்சரின் பெயர் ரொபர்ட். ரொபர்ட் என்ற பிள்ளையை வீட்டில் பொபி என்றுதான் கூப்பிடுவார்கள். அதையே பொலிஸுக்கும் வைத்துவிட்டார்கள்.

ஊரில் நாங்கள் பொலிஸுக்குப் பெயர் வைக்கவில்லை. பொலிஸைப் பற்றிப் பேசும்போது குரலைக் குறைத்தோம், அவ்வளவுதான்.

அவர்களுக்கு இத்தனை சொல் இருக்க எனக்கு ஒன்றே ஒன்று. அதை வெளியே பெடியளும் சொல்கிறார்கள், உள்ளே ஜேமி ஆட்களும் சொல்கிறார்கள். பகிடிக்குத்தான்.

ஒக்டோபர் 15

பொய்லர் மறுபடியும் நின்றுவிட்டது. கேத்திலில் தண்ணீர் சூடாக்கிக் குளித்தோம்.

மகள் ஆரபியின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களைச் சந்திக்கும் நாள். வேலையிலிருந்து நேரே போகலாம் என்றிருந்தேன். காலையில் பிள்ளை செருப்பைப் பார்த்துக்கொண்டு, "அப்பா, இந்த உடுப்போட வராதேங்கோ" என்றாள்.

"ஏன்?"

"சும்மாதான்."

பிறகு மனைவி சுகிர்தா சொன்னாள். வகுப்பில் சிலர் அவளுக்குப் பின்னால் நின்று பன்றி மாதிரி உறுமுகிறார்களாம். பன்றி என்றால் அது கொன்ஸ்டபிளுக்குச் சொல்வது, பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னேன். சுகிர்தா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

சாதாரண உடுப்பில் போனேன். கணக்கில் நல்ல பிள்ளையாம்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

சார்ஜன்ட் பிரைஸ் இன்று என்னைத் தேடி வந்தார். வழமையாக நான்தான் அவரைத் தேடிப் போவேன். கால்வாய்ப் பக்கத்துத் தொடர்மாடியில் ஒரு வீட்டில் பெண் அலறும் சத்தம் கேட்பதாகக் கீழ்வீட்டுக் கிழவர் திரும்பத் திரும்ப முறையிடுகிறாராம். கொன்ஸ்டபிள்மார் போனபோது படியில் விழுந்ததாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாளாம். "தமிழ்ப் பெயர் மாதிரி இருக்கிறது. நீ வந்தால் திறப்பாள்" என்றார்.

சங்கிலி போட்டபடி கதவு கொஞ்சம் திறந்தது. "தங்கச்சி, நான் தமிழ்தான்" என்றேன். ஒரு கண் என்னையும் எனக்குப் பின்னால் நின்ற சார்ஜன்டையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு, "அண்ணா, அந்த வெள்ளைக்காரரைக் கீழ நிக்கச் சொல்லுங்கோ" என்று குரல் வந்தது.

சார்ஜன்ட் என் சொல்லைக் கேட்டுப் படியிறங்கிப் போனார். இந்த மூன்று வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

பெயர் வினோதினி. முப்பது வயது இருக்காது. வலக்கையை ஒரு துவாயில் சுற்றி வைத்திருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன். படியில் விழுந்தது என்றாள். உதடு வெடித்திருந்தது. நாளன்றைக்கு ஒருக்கால் எட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒக்டோபர் 23

பகலில் போனேன். அவளோடு இருப்பவன் வேலைக்குப் போயிருந்தான். ரஜீவன் என்பவன். அவள் கிளிநொச்சிப் பக்கம். பார்வையாளர் விசாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில் இவனைச் சந்தித்திருக்கிறாள். கலியாண எழுத்து எழுதி விசா எடுத்துத் தருகிறேன் என்றவன் எழுதவில்லை. விசா முடிந்து இரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகுதான் அடிக்கத் தொடங்கினானாம். 'பொலிசுக்குப் போ பாப்பம், முதல்ல உன்னைத்தான் பிடிச்சு அனுப்புவாங்கள்' என்று சொல்லிச் சொல்லி அடிப்பானாம். கையில் இருந்தது சுடுதண்ணீர்க் காயம்.

தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். இடக்கையால்.

"விசா இல்லாத ஆளுக்குப் பொலிஸ் உதவி செய்யுமோ அண்ணா?"

"விசா பாக்கிறது வேற ஆக்கள், நாங்கள் வேற. அடிக்கிறவனைப் பிடிக்கிறதுதான் எங்கட வேலை."

"ஊரில எங்கட அண்ணாவையும் விசாரிச்சிட்டு விடுறம் எண்டுதான் கூட்டிக்கொண்டு போனவை. அம்மா இப்பவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா."

"இது அந்தப் பொலிஸ் இல்லை, தங்கச்சி. இஞ்ச சனம் பொலிசுக்குச் செல்லப்பேர் வைச்சிருக்கு, தெரியுமோ? பொபி எண்டு."

"பொபியோ?" என்றாள். "நாய்க்குட்டிக்கு வைக்கிற பேர் மாதிரிக் கிடக்கு."

சிரித்துவிட்டாள். உதடு நொந்திருக்க வேண்டும், உடனே கையால் பொத்திக்கொண்டாள். ரொபர்ட்டின் கதையைச் சொன்னேன். பயப்படுகிற சனம் இப்படிப் பெயர் வைக்குமா என்று கேட்டேன். யோசித்தாள்.

"எனக்கு ஒண்டும் வராது எண்டு சொல்லுறியளோ?"

"நான் பொறுப்பு" என்றேன்.

ஒக்டோபர் 28

வந்தாள். தன் காலால் நடந்து ஸ்டேஷனுக்கு வந்து, என் பக்கத்தில் இருந்து, எல்லாம் சொன்னாள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் இருந்தும் ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். பின்னேரம் ரஜீவனை வேலைத்தலத்தில் வைத்துப் பிடித்தார்கள். நான் காரில் இருந்து பார்த்தேன். விலங்கு போட்டது ஜேமி.

திரும்பி வரும்போது சார்ஜன்ட் பிரைஸ், "நல்ல வேலை, டயா. நீ இல்லாவிட்டால் இது நடந்திராது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அவளுக்கு விசா ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். சும்மா பேச்சுவாக்கில்தான் கேட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன். மேலதிகாரி கேட்டால் பதில் சொல்வதுதானே முறை. அவர் கார்க் கண்ணாடிக்குத் தண்ணீர் அடித்துத் துடைத்தார்.

தேர்வுக்கு: நம்பிக்கையைப் பெற்ற சந்தர்ப்பம். இதுதான்.

நவம்பர் 2, ஞாயிறு

பொய்லர்காரன் வந்து திருத்திவிட்டுப் போனான். சுகிர்தா பிட்டு அவித்து வினோதினிக்குக் கொண்டுபோனாள். போனவள் பின்னேரம்வரை வரவில்லை. இரண்டு பேரும் தொலைக்காட்சியில் சமையல் பார்த்துச் சிரித்தார்களாம். "நல்ல பிள்ளை, பாவம்" என்றாள். அடுத்த கிழமை ஆரபியையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறாளாம்.

நவம்பர் 5

வாணவேடிக்கை நாள். பூங்கா வாசலில் நின்றபோது யாரோ ஒரு வெடியை என் காலடியில் எறிந்து "ஃபில்த்" என்று கத்தினார்கள். காற்சட்டை ஓரம் கருகிவிட்டது. ஜேமியிடம் காட்டினேன். "இனி நீயும் எங்கள் ஆள்" என்று தோளில் தட்டினான்.

வினோதினி தொலைபேசி எடுத்தாள். வெடிச் சத்தத்துக்கு மேசைக்குக் கீழே போய் இருந்துவிட்டாளாம். "இது கொண்டாட்டம், தங்கச்சி, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ" என்றேன்.

நவம்பர் 12, புதன்

காலையில் சார்ஜன்ட், வாக்குமூலத்தில் இன்னொரு கையெழுத்து வேண்டும், அவளை வரச் சொல்லு என்றார். சொன்னேன். மழை, குடை கொண்டு வாங்கோ என்றும் சொன்னேன்.

பதினொரு மணி போல வந்தாள். தலையிழுத்து, பொட்டு வைத்து, சுகிர்தா கொடுத்த சிவப்புக் கோட் போட்டிருந்தாள். புண் காய்ந்த கையைக் காட்டினாள். அறைக்குள் வேறு இரண்டு பேர் இருந்தார்கள், ஒரு ஆணும் பெண்ணும். பொலிஸ் உடுப்பு இல்லை. கழுத்தில் அட்டை தொங்கியது. அந்தப் பெண் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றாள்.

"அண்ணா, இவை ஆர்?"

"கொஞ்சம் இருங்கோ, கேட்டுக்கொண்டு வாறன்" என்றேன்.

சார்ஜன்ட் தொலைபேசியில் இருந்தார். அவர் முடிக்கும்வரை நிற்க முடியாதென்று கன்ரீனுக்குப் போனேன். அங்கே வரிசை நீளம். திரும்பி வந்தபோது அறையில் ஒருவரும் இல்லை. குடை கதிரையில் தொங்கியது. அதைக் கொண்டுபோய் வரவேற்பு மேசையில் கொடுத்தேன்.

நவம்பர் 13

குடிவரவுக்காரருக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்ல முடியாது. இந்த நாட்டில் எத்தனையோ பதிவுகள் இருக்கின்றன. வைத்தியசாலை இருக்கிறது, வீட்டு வாடகை இருக்கிறது. ரஜீவனே தன்னைப் பிடித்த கோபத்தில் அறிவித்திருக்கலாம்.

சுகிர்தாவுக்கு இதைத்தான் சொன்னேன்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் அவைக்கு?"

"தெரிய வாறதுக்கு எத்தினையோ வழி இருக்கு."

"வழி எத்தினையெண்டு நான் கேக்கேல்லை."

பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பர் 15, சனி

தடுப்பு நிலையத்தில் அவளுக்குத் தொலைபேசி கொடுத்திருக்கிறார்கள். முதலில் எடுத்தபோது நான் முகம் வழித்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை வாகனத்தில், ஓட்டும்போது எடுக்கக்கூடாது. அதற்கடுத்த முறை மேசையில் அடித்துக்கொண்டிருந்ததைச் சுகிர்தா எடுத்தாள். நீண்ட நேரம் 'ஓம், ஓம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு வந்து சொன்னாள்: "அண்ணா பொறுப்பு எண்டு சொன்னவர், அவரைக் கேளுங்கோ எண்டு சொல்லுறாள். ஆரும் லோயரைப் பிடிச்சுத் தரட்டாம். ஸ்டேஷனில இருந்து ஒரு கடிதம் குடுத்தால் உதவியாம். அடி வாங்கின ஆள், சாட்சி எண்டு."

திங்கட்கிழமை கேட்கிறேன் என்றேன்.

நவம்பர் 17

சார்ஜன்டுக்கு இன்று வேலை அதிகம். தேர்வு நெருங்கும் நேரம். இப்போது போய் இதைக் கேட்டால் அவர் என்ன நினைப்பார் என்றும் பார்க்க வேண்டும். சிபாரிசுக் கடிதம் எனக்கு அவர்தான் எழுதுகிறார்.

சுகிர்தா லோயர் ஒருவரைப் பிடித்திருக்கிறாள். கோயிலில் கேட்டு, குகன் கடைக்காரர் மூலம். இந்த ஊரில் எங்கள் ஆட்களுக்கென்று இருக்கிற ஒரே கடை அவருடையது. அங்கே போய் எல்லாம் சொல்லியிருக்கிறாள். எல்லாம் என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 20

ரஜீவனை விட்டுவிட்டார்கள். வழக்கு நிற்காதாம். சாட்சி சொல்ல வேண்டியவள் கிடைக்க மாட்டாள்.

பஸ் தரிப்பிடத்தில் அவனைக் கண்டேன். புதிதாக முடி வெட்டியிருந்தான். நான் பார்க்காத மாதிரிப் போனேன். பின்னால் கூப்பிட்டான்.

"தாங்ஸ் அண்ணை."

என்ன அர்த்தத்தில் சொன்னான் என்று தெரியவில்லை. நான் நிற்கவில்லை.

நவம்பர் 27, வியாழன்

நேர்முகத் தேர்வு. மூன்று பேர் இருந்தார்கள், தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தார்கள். இந்த முறை முழிக்கவில்லை. பொறுமைக்கு வெடி எறிந்ததைச் சொன்னேன். நம்பிக்கைக்கு வினோதினியைச் சொன்னேன், பெயர் சொல்லாமல். சங்கிலி போட்ட கதவு, சார்ஜன்டைப் படியிறங்கச் செய்தது, பொபி என்ற பெயரை வைத்து ஒரு பயந்த பெண்ணைச் சிரிக்க வைத்தது. பொபி வந்த இடத்தில் மூவரும் சிரித்தார்கள். நடுவில் இருந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார்.

"பாதுகாப்பான இடத்தில் இருக்கிறார்" என்றேன்.

பொய் இல்லை. பூட்டு இருக்கிறது, காவல் இருக்கிறது, ரஜீவன் அங்கே போக முடியாது.

டிசம்பர் 5

நேற்று அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். லோயர் கடைசி நேரம் வரை பார்த்தாராம். முந்தாநாள் சுகிர்தா இரண்டு ரயில் மாறித் தடுப்பு நிலையத்துக்குப் போனாள். கம்பளிச் சட்டை ஒன்று கொண்டுபோனாள். அதையும் சிவப்புக் கோட்டையும் ஒரு பையில் போட்டுத் திருப்பித் தந்துவிட்டாளாம். ஊரில் தேவைப்படாது, ஆரபி பெரிசானால் போடட்டும் என்றாளாம்.

என்னைப் பற்றி ஏதும் சொன்னாளா என்று கேட்டேன்.

"உங்களைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை" என்றாள் சுகிர்தா. பிறகு, "நான்தான் கதைச்சனான்" என்றாள்.

டிசம்பர் 11

கிடைத்துவிட்டது. பயிற்சி தை மாதம் தொடங்குகிறது.

சார்ஜன்ட் எல்லோர் முன்னாலும் கை குலுக்கினார். ஜேமி கேக் வாங்கி வந்தான், அதன்மேல் ஐசிங்கில் 'அழுக்குக்குள் வரவேற்கிறோம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இனி ஒருவரும் என்னைப் பிளாஸ்டிக் என்று சொல்ல முடியாது என்று ஜேமி ஒரு சிறு பேச்சே நடத்தினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பெடியள்.

கேக்கில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆரபி புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் "கொங்கிராட்ஸ், அப்பா" என்றாள். சுகிர்தா சோறு போட்டாள், பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. மேசைக்கு அவள் வரவில்லை. தனக்குப் பசியில்லை என்றாள்.

பெப்ரவரி 9

பயிற்சி கடினம். முழங்கால் வீங்கியிருக்கிறது. என்னைவிட வயது கூடியவர்கள் ஒருவரும் இல்லை. சுகிர்தா இப்போதும் மகளின் அறையில்தான் படுக்கிறாள். குளிர் காரணமாக இருக்கலாம், அந்த அறை சூடு.

மே 9, சனி

கொன்ஸ்டபிள் உடுப்பில் இந்த ஊருக்குள் முதற்கிழமை. விலங்கு இடுப்பில் கனக்கிறது. கோழிக்கடைப் பெடியள் என்னைக் கண்டு "ஃபெட்ஸ்" என்றார்கள். இந்த முறை ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை, சந்தி தாண்டும்வரை ஓடினார்கள்.

வேலை முடிந்து வரும் வழியில் கறிவேப்பிலை வாங்கக் குகன் கடைக்குப் போனேன். பல மாதமாகச் சுகிர்தாதான் போவது. குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் யாருடையதோ சாமத்தியச் சடங்கைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். நான் உள்ளே காலெடுத்து வைத்ததும் பேச்சு நின்றது. ஒருத்தி பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

குகன் கல்லாவில் நின்றார். எத்தனை வருடப் பழக்கம். பெற்றோல் ஸ்டேஷனில் நான் நின்ற காலத்தில் கடை பூட்டிவிட்டு வந்து எனக்கு ரொட்டி தந்த மனிதர்.

"எப்பிடி அண்ணை, சுகமோ?" என்றேன்.

அவர் ஆங்கிலத்தில், "ஒரு பவுண், ஒஃபிசர்" என்றார்.

ஒஃபிசர் என்ற சொல்லை மிகவும் திருத்தமாகச் சொன்னார். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. வங்கியில் மனேஜருடன் பேசும்போது இருக்கிற முகம்.

"என்ன அண்ணை, இங்கிலீசில கதைக்கிறியள்?"

"வேறு ஏதும் வேண்டுமா, ஒஃபிசர்?" என்றார். அதுவும் ஆங்கிலத்தில்தான்.

இல்லை என்றேன். என் வாயிலிருந்தும் ஆங்கிலத்தில்தான் வந்தது. காசை வைத்தேன். நன்றி சொன்னார், நாள் நல்லபடி போகட்டும் என்றார். கதவு எனக்குப் பின்னால் சாத்திய பிறகு உள்ளே தமிழ் மறுபடி தொடங்கியது கேட்டது. என்ன சொன்னார்கள் என்று விளங்கவில்லை.

ஜேமி சொல்லித் தந்த அத்தனை பெயர்களிலும் இதுதான் மரியாதையான பெயர். குறை சொல்ல ஒன்றுமில்லை.

காருக்குள் ஏறிய பிறகுதான் கறிவேப்பிலையைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. கடையில் இன்றைக்குக் கறிவேப்பிலை இல்லையாம் என்று சுகிர்தாவிடம் சொன்னேன். அவள் தாளிக்கக் காயவைத்திருந்த எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.